பதில் சொல்ல வேண்டியவர்

ஸ்வெட்டரின் கைகள் இரண்டையும் எந்தப் பக்கம் மடிப்பது என்று தெரியாமல் அவர் அதைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். மலை மேலிருக்கும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் வராந்தா பெஞ்சில் காலைக் குளிர் ஈரத்துணி மாதிரி ஒட்டியிருந்தது. மூடிய கதவுக்குப் பின்னால், ஸ்வெட்டருக்குச் சொந்தக்காரியான அவர் மனைவி, வெள்ளை விரிப்புக்கு அடியில் நேற்று மாலையிலிருந்து படுத்திருந்தாள். உயிரோடு இருந்திருந்தால், "குடுங்க இங்க" என்று பிடுங்கி, அவர் வாயைத் திறப்பதற்குள் அதைக் கைக்குட்டை அளவுக்கு ஆக்கியிருப்பாள்.

மடிப்பதுதான் அவள் தொழில். கீழே சமவெளியில், அவர்களுடைய ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில், துணி அறை அவள் பொறுப்பு. படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் தியேட்டரின் பச்சை அங்கி என்று அங்கே அழுக்காகிற எதுவும் அவள் கையைத் தாண்டித்தான் வெளுக்கப் போகும், அவள் கையைத் தாண்டித்தான் திரும்பி வரும். போனதில் ஒரு துண்டு குறைந்தாலும் அன்றைக்கு அறைக் கதவைப் பூட்ட மாட்டாள். அவர் அதே ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் துணி அறைப் பெண்களுக்கு அவர் லிஃப்ட் அண்ணன்தான். ஆயுள் முழுக்க மேலேயும் கீழேயும் போய் வந்த மனிதருக்கு மலைப்பாதையின் முதல் வளைவிலேயே குடலைப் புரட்டும் என்பது அந்தப் பெண்களுக்கு அலுக்காத வேடிக்கை.

அந்தப் பெண்கள் இப்போது வராந்தாவின் சுவரோரமாக நின்றிருந்தார்கள். யாரும் சொல்லாமலேயே இரண்டிரண்டு பேராக நின்றிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவர் மடிப்பதை நிறுத்தினார்.

ஜோடி போடுவது அவளுடைய ஏற்பாடு. துணி அறைக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை பஸ் பிடித்து இந்தத் தேயிலை மலைக்கு வருவார்கள். முதல் வருஷம் அவளும் எல்லோரையும் போலத் தலையைத்தான் எண்ணினாள். திரும்பும்போது கணக்கு கச்சிதமாக இருந்தது, பஸ்ஸும் புறப்பட்டது. பாதி மலை இறங்கிய பிறகு, கடைசி சீட்டில் சால்வையை இழுத்துப் போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்த பெண்மணி கண் விழித்து, நீங்களெல்லாம் யார் என்று கேட்டாள். வேறு ஏதோ கோஷ்டியோடு வந்தவள், பஸ் மாறி ஏறிவிட்டிருக்கிறாள். இவர்களுடைய ஆளோ மேலே ஒரு டீக்கடை வாசலில் நின்று, துணி அறையின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டிருந்தாள். கணக்கு சரி, ஆள்தான் தப்பு. பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு மறுபடி மலையேறிய அந்த நாளோடு அவள் எண்ணுவதையே விட்டுவிட்டாள்.

இதுவும் விரிப்பு மடிக்கிற மாதிரிதான் என்றாள். பெரிய விரிப்பை ஒருத்தி தனியாக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, இழுத்து உதறி, ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். எதிரே இருப்பவளைப் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் விரிப்பு தரையில் புரளாது. பயணத்திலும் அப்படியே ஜோடி. யாரும் தனக்காகப் பதில் சொல்லக் கூடாது, எதிராளிக்காகத்தான் சொல்ல வேண்டும். "என் ஜோடி இருக்கா" என்ற பதில் கடைசி ஆள் வாயிலிருந்தும் வரும்வரை பஸ் நகராது. அதிலும் ஒரு குசும்பு வைத்திருந்தாள். சிநேகிதிகளை ஒருபோதும் ஜோடி போட மாட்டாள். ரெண்டு பேரும் சேர்ந்தே தொலைந்து போவார்கள் என்பாள். முகம் கொடுத்துப் பேசாதவர்களாகப் பார்த்துத்தான் சேர்ப்பாள். மலையிறங்கும்போது அவர்களில் பாதிப் பேர் சிநேகமாகியிருப்பார்கள், மீதிப் பேருக்குச் சண்டை முற்றியிருக்கும். ஆனால் அதற்குப் பிறகு ஒருத்தியும் விட்டுப்போனதில்லை. கூட்டிக்கொண்டு போன அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வருகிறவள் என்று ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரில் அவளுக்கு ஒளிக்கத் தெரியாத பெருமை.

வழக்கமாக அவளுக்கு ஜோடி பஸ் டிரைவர். இந்த வருஷம், வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த புருஷனை வற்புறுத்திக் கிளப்பிக்கொண்டு வந்து, அவரையே தனக்கு ஜோடியாகப் போட்டுக்கொண்டாள். துணி அறையில் கிழிந்ததைத் தைப்பவளுக்கு ஊசி என்று பெயர். கையிலிருக்கும் ஊசியைவிட நாக்கு கூர்மை. அவள் பஸ்ஸில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்.

"பேசிக்காதவங்களைத்தானே அக்கா நீங்க ஜோடி போடுவீங்க?"

"அதனாலதான் போட்டேன்."

பஸ்ஸே சிரித்தது. வாயருகே பிளாஸ்டிக் பையைப் பிடித்தபடி அவரும் சிரித்தார்.

நேற்று மத்தியானம் தேயிலைச் சரிவைப் பார்க்கும் இடத்துக்கு எல்லோரும் நடந்தே ஏறினார்கள். வண்டி போகாத செங்குத்துப் பாதை. அவள் நடுவில் எங்கேயும் நிற்கவில்லை, யார் கையையும் பிடிக்கவில்லை. பின்தங்கியவர்களை அதட்டிக்கொண்டே மேலே வந்து, குட்டைச் சுவரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீழே மலை முழுக்க ஒரே மட்டத்துக்கு வெட்டி விட்ட பச்சை.

"விரிப்பை இழுத்துச் சொருகின மாதிரி இருக்கு பாருங்க. ஒரு சுருக்கம் இல்ல" என்றாள். பிறகு, "கொஞ்சம் சாஞ்சுக்கறேன்" என்று அவர் தோளில் தலையை வைத்தாள்.

நாலு பேர் பார்க்கிற இடத்தில் அவள் அப்படிச் சாய்ந்ததே இல்லை. அவருக்குக் கூச்சமாக இருந்தது. அதற்கு மேல் சந்தோஷமாக இருந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைத்து, எழுப்பிவிடக் கூடாதே என்று தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார். பெண்கள் படம் பிடித்துக்கொண்டும், இவர்களைக் காட்டிக் கிசுகிசுத்துக்கொண்டும் திரிந்தார்கள். புறப்படலாமா என்று கேட்க ஊசி வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இதயம் நின்றுவிட்டது, பக்கத்தில் டாக்டரே இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று இந்த ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவரும் தலையை ஆட்டினார். ஆனாலும் ராத்திரி முழுக்க ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. அவளுக்காகப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். தோளோடு தோளாக இருந்தும் அவள் போனது அவருக்குத் தெரியவில்லை. பஸ் கிளம்பும்போது ஜோடி கேட்பார்கள். அப்போது என்ன சொல்வது?

பயணத்துக்குப் பொறுப்பாக ஆஸ்பத்திரி அலுவலகம் அனுப்பியிருந்த இளைஞன், எல்லோருக்கும் ஆபீஸ் தம்பி, போனைப் பையில் போட்டுக்கொண்டு அவர் எதிரே வந்து குனிந்தான். நல்ல பையன். விடிய விடிய அலைந்து கண் சிவந்திருந்தான். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, கையெழுத்தெல்லாம் முடிந்தது, வெளியூரில் இருக்கும் மகள் நேராக வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தினான். அவரும் ஊசியும் ஆம்புலன்ஸில் முன்னால் போய்விடலாம். மற்றவர்களுக்கு நாளை வரை விடுதி அறை இருக்கிறது. ஏரியும் பார்க்கவில்லை, தேயிலை ஃபேக்டரியும் பார்க்கவில்லை. வருஷம் பூராவும் அழுக்கு மூட்டையோடு மல்லுக்கட்டுகிறவர்கள், பாவம், இருந்து பார்த்துவிட்டு நாளைக்கு இறங்கட்டுமே என்றான்.

அவன் சொன்னதில் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அவர் எழுந்து, ஸ்வெட்டரை மார்போடு பிடித்துக்கொண்டு, பெண்கள் பக்கம் திரும்பினார்.

"தம்பி சொல்றது சரிதாம்மா. ஃபேக்டரிய கடைசி நாளைக்குன்னு அவதான் ஆசையா வச்சிருந்தா. பாத்துட்டு வாங்க."

யாரும் அசையவில்லை. ஊசி மட்டும் முன்னால் வந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தாலும் பேசியபோது குரல் சண்டைக்கு வந்தவள் குரலாகத்தான் இருந்தது.

"அண்ணே, ஒரு வருஷம் மழையில ஒருத்தி வழி தவறிட்டா. பின்னாடி வண்டியெல்லாம் ஹாரன் அடிக்குது. போலீஸ்காரர் வந்து பஸ்ஸை எடு எடுன்னு கத்தறார். அக்கா டிரைவர்கிட்ட சாவியை வாங்கி இடுப்புல சொருகிக்கிட்டு, நடு ரோட்டுல நனைஞ்சுக்கிட்டே நின்னாங்க. அவ வந்து சேர்ற வரைக்கும் பஸ் நகரல." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்த ஒருத்தி நான்தான். இப்ப அக்காவைத் தனியா இறக்கி விட்டுட்டு, இவங்க போய் ஏரியில படகு ஓட்டணுமா?"

ஆபீஸ் தம்பி ஏதோ சொல்ல வந்தான். ஊசி அவன் தோளைத் தட்டி, உனக்கு இது முதல் வருஷம், உனக்கெப்படித் தெரியும் என்றாள். அதில் கோபம் இல்லை. சுவரோரம் நின்றவர்கள் குனிந்து பைகளை எடுத்தார்கள். அப்போதுதான் அவர் கவனித்தார். விடுதி அறைகளைக் காலி செய்துவிட்டு, மூட்டை முடிச்சோடுதான் எல்லோரும் வந்திருந்தார்கள். யாரையும் கேட்டு முடிவு செய்யவில்லை. கேட்க வேண்டிய விஷயமாகவே அவர்களுக்குத் தோன்றியிருக்கவில்லை.

அவருக்கு அழுகை வரவில்லை. முதுகு தானாக நிமிர்ந்தது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், அவள் வேலைக்குப் போகிறாள், சம்பளம் வாங்குகிறாள், வருஷத்துக்கு ஒரு முறை கூட்டம் சேர்த்துக்கொண்டு ஊர் சுற்றுகிறாள் என்ற அளவில்தான் அவருக்குத் தெரியும். அவள் கட்டிக் காத்தது இது என்று இன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார்.

வாசலில் ஆம்புலன்ஸ் முன்னாலும் பஸ் பின்னாலும் நின்றன. அவளை ஏற்றினார்கள். பெண்கள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்கள். டிரைவர் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி இன்ஜினைக் கிளப்பாமல் இருந்தார். ஆபீஸ் தம்பி கிளம்பலாமே என்றதற்கு, "அந்தம்மா சத்தம் கேக்காம எனக்குக் கியர் விழாது தம்பி" என்றார். இத்தனை வருஷமும் படிக்கட்டில் நின்று, வார்டுக்கே கேட்கும் குரலில் அவள்தான் ஜோடி கேட்பாள். இன்றைக்கு யார் கேட்பது என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் ஊசிதான் எழுந்து வந்து படிக்கட்டில் நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"துணி அறை, ஜோடி சொல்லுங்க."

முன் சீட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. என் ஜோடி இருக்கா. என் ஜோடி இருக்கா. வெளுப்பவளும் இஸ்திரி போடுபவளும் எதற்காகப் பேச்சை விட்டார்கள் என்பது அவர்களுக்கே மறந்துபோகும் அளவுக்குப் பழைய பகை. மலையேறும்போது ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி வந்தவர்கள், இப்போது ஒருத்தி கையை ஒருத்தி இறுகப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னார்கள். கடைசி சீட்டு வரை போன குரல் அங்கே நின்றது. எல்லோரும் வெளியே பார்த்தார்கள். பஸ்ஸுக்கும் ஆம்புலன்ஸுக்கும் நடுவில், ஸ்வெட்டரோடு அவர் நின்றிருந்தார்.

வாயைத் திறந்தார். இருக்கிறாள் என்றால் பொய். இல்லை என்றால், அவள் கொண்டு வந்ததில் ஒன்று குறைந்துபோனதாக ஆகிவிடும். அவர் உதடு மட்டும் அசைந்தது.

ஊசி காத்திருந்தாள். பிறகு, துணி அறையின் சட்டத்தை முதல் முறையாக மீறினாள்.

"கீழே போய்ச் சொல்லுங்கண்ணே. இன்னும் பயணம் முடியல. அக்கா கேட்டா நான் சமாளிச்சுக்கறேன்."

இறங்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அவர் ஆம்புலன்ஸ் டிரைவரின் தோளைத் தட்டினார். வண்டி ஓரமாக நின்றது. பின்னால் பஸ்ஸும் நின்றது. அவர் சாலையோரம் குனிந்து, வயிற்றிலிருந்ததை எல்லாம் கொட்டி நிமிர்ந்தபோது, பாதிப் பஸ் அவரைச் சுற்றி நின்றது. ஒருத்தி தலையைப் பிடித்திருந்தாள், ஒருத்தி தண்ணீர் ஊற்றினாள். ஊசி அவர் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தாள். இறங்கும்போது அவருக்கு வேண்டியிருக்கும் என்று நேற்றுக் காலையிலேயே அக்கா வாங்கித் தன்னிடம் கொடுத்து வைத்தது என்றாள். அவர் அதை முகர்ந்து பார்க்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுபடி ஏறியபோது அவர் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தார். வரும்போது அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்: கண்ணை மூடாதீங்க, தள்ளி இருக்கிற ஏதாவது ஒண்ணையே பாருங்க. அவர்தான் கேட்கவில்லை. இப்போது பின்கண்ணாடி வழியாக பஸ்ஸைப் பார்த்தார். ஒவ்வொரு வளைவிலும் பஸ் மறைந்தது. வெறும் சாலையும் தேயிலைச் செடிகளும் மட்டும் தெரிந்தன. பிறகு வளைவைச் சுற்றிக்கொண்டு மெதுவாக முன்முகம் வந்தது. அது வரும்வரை அவர் கண்ணை எடுக்கவில்லை. ஒரு கையை விரிப்பின் மேல் வைத்திருந்தார். எத்தனை வளைவு போனது என்று தெரியவில்லை. வயிறு அதற்கப்புறம் தொந்தரவு செய்யவில்லை.

ஆம்புலன்ஸ் டிரைவர் மலைக்காரர், பேச்சு குறைவு. நெடுநேரம் கண்ணாடியில் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே வந்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். யாரு இந்தம்மா, பெரிய ஆளுங்களா? ஒரு பஸ்ஸே பின்னாடி வருது. வழி விட்டாலும் முந்த மாட்டேங்குது."

லிஃப்டுக்குள் பெரிய ஆட்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அவர்கள் ஏறினால் மற்றவர்கள் இறங்கிக்கொள்வார்கள். அவள் அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாலும் யாராவது இறங்கிக்கொள்வார்கள், அது வேறு காரணம். அவருக்குச் சிரிப்பு வந்தது.

"எங்க ஆஸ்பத்திரில துணி அறையைப் பாத்துக்கிட்டவ" என்றார். பிறகு, சொன்னது போதாது என்று தோன்றியது. "ஆமா. பெரிய ஆளுதான்."

டிரைவர் தலையை ஆட்டினார். சைரனைப் போடாமல், மேலே விளக்கை மட்டும் சுழல விட்டு, வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தார்.

அவர்கள் தெரு பஸ் நுழைகிற அளவுக்கு அகலம் இல்லை. பஸ் முனையில் நின்றுவிட்டது. பெண்கள் இறங்கி, ஆம்புலன்ஸுக்குப் பின்னால் ஜோடி ஜோடியாக நடந்து வந்தார்கள். மாடி ஜன்னல்களில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர்க் குடத்தோடு வந்த ஒருத்தி ஒதுங்கி நின்றாள். வாசலில் நின்றிருந்த மகள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிப்பா, நேத்துக் காலைல கூட நல்லாத்தானே பேசினாங்க" என்று அழுதாள். அம்மா கடைசியாக ஏறின மலையை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்து, அவர் அவள் தலையில் கையை வைத்தார்.

முன்னறைக் கட்டிலில் அவளைக் கிடத்தினார்கள். மகள் அலமாரியிலிருந்து அம்மாவின் நல்ல விரிப்பு ஒன்றை எடுத்து வந்து போர்த்தினாள். பெண்கள் அறையிலும் வாசலிலும் படியிலுமாக நின்றார்கள். அழுகை கொஞ்சம் ஓய்ந்ததும், ஊசி வாசல்படியில் நின்று, இந்தத் தடவை மெதுவாகக் கேட்டாள்.

"துணி அறை, வந்தாச்சா?"

என் ஜோடி வந்தாச்சு என்று படியிலிருந்து ஒரு குரல் வந்தது. பிறகு வாசலிலிருந்து, பிறகு அறைக்குள்ளிருந்து. மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அழுகையை நிறுத்திக் கேட்டாள். கடைசிக் குரலும் அடங்கிய பிறகு எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். பயணம் முடிந்து வீடு திரும்பும்போதெல்லாம், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, ஒருத்தியும் குறையல தெரியுமா என்று சொல்வாள். இவர் ஓகோ என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பார்ப்பார்.

"வந்தாச்சு" என்றார். மாடி எண்ணைச் சொல்லுகிற அந்தப் பழைய, தெளிவான குரல். "என் ஜோடியும் வந்தாச்சு."

ஆம்புலன்ஸ் டிரைவர் இன்னும் போகாமல் வாசலில் தயங்கி நின்றார். மலை ஆஸ்பத்திரியின் விரிப்பு அவருக்குத் திரும்ப வேண்டும். அது கட்டிலின் காலடியில் சுருண்டு கிடந்தது. அப்படியே சுருட்டிக் கொடுத்தால் போதும் என்று அவர் கையை நீட்டினார்.

லிஃப்ட் அண்ணன் அதை எடுத்தார், ஆனால் கொடுக்கவில்லை. இரண்டு மூலையைத் தேடிப் பிடித்தார். வீட்டில் அவளோடு மடிக்கும்போதெல்லாம் அவர் பக்க முனை ஒரு விரல் அளவுக்கு வெளியே நிற்கும். லிஃப்டை மட்டும் தளத்துக்குச் சரியாக நிறுத்தத் தெரியுது என்று அவள் திட்டுவாள். அவர் நிமிர்ந்து பார்த்தபோது எதிர் மூலைகளை ஊசி பிடித்துக்கொண்டிருந்தாள். இருவரும் இழுத்து உதறினார்கள். ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனைகளைச் சேர்த்தார்கள். அவர் பக்கம் ஒரு விரல் அளவுக்கு வெளியே நின்றது.

ஊசி தன் மூலைகளை விடாமல் பிடித்திருந்தாள். அவர் பின்னால் போய் மறுபடி இழுத்துப் பிடித்து, மறுபடி நடந்து வந்தார்.

டிரைவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பின்பக்கம் எறியாமல், தனக்குப் பக்கத்து இருக்கையில் வைத்து, கதவைச் சாத்தினார்.